விலை ஸ்ரிக்கரும் இரண்டாவது நரியும்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். நடந்தது என்னவோ அதுதான். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில், பிளாசா என்கிற ஒரு கடைத்தொகுதியில் இருந்த கேம் கடையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். கையில் பிடித்து விளையாடும் கருவிகளும் அவற்றுக்கான கேம்களும்தான் எங்கள் சரக்கு. புதியதை விற்போம், பழையதை வாங்குவோம், பழுதானதைத் திருத்துவோம். போன பனிக்காலத்தில் பிளாசாவை இடித்து மாடிவீடுகள் கட்டப்போகிறோம் என்று கடிதம் வந்தது. கடையை மூடினோம். இப்போது மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்கு மேசையும் சுழல் கதிரையும் தந்திருக்கிறார்கள். நாள் முழுக்க இருந்தபடியே செய்கிற காரியத்தை வேலை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

என்னோடு கடைசி இரண்டு வருடம் நின்ற கஜனும் மெலனியும் மில்லிக்கனில் சொந்தமாக ஒரு சின்னக் கடை திறக்கிறார்கள். போன கிழமை மெலனி குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"அண்ணை, போனில சும்மா கிடக்கிற சாமானுக்கு எண்பது டொலர் எண்டு சொல்ல எனக்கு வாய் கூசுது. கஜன் விலையைச் சொல்லிப்போட்டு நிலத்தைப் பாக்கிறான். நீங்கள் எப்பிடிச் சொன்னனீங்கள்? ரெண்டு பக்கத்தில எழுதித் தாங்கோவன்."

இரண்டு பக்கத்தில் முடியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா மன்னாரில் நாலாம் வகுப்போடு மீன்பிடி வள்ளத்தில் ஏறியவர். அம்மா அதுவும் இல்லை. பதினைந்து வயதில் இங்கே வந்து, ஹைஸ்கூல் முடித்து, கொலிஜில் கணக்கியல் படித்தேன். படிக்கிற காலத்தில் பகுதிநேரமாகத்தான் அந்தக் கடையில் சேர்ந்தேன். படிப்பு முடிந்தது, நான் கடையை விட்டு வரவில்லை. அப்பா சொந்தக்காரருக்குப் போனில் சொல்லுவார், "கணக்குப் படிச்சவன், விளையாட்டுச் சாமான் விக்கிறானாம்." நான் பக்கத்து அறையில் இருப்பேன் என்று தெரிந்தே சொல்லுவார். அதனாலோ என்னவோ, எந்தச் சின்ன வேலையையும் படித்தவன் செய்கிற மாதிரிச் செய்யவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பின்னால் வேறொரு வீட்டுச் சண்டைக்கு அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

கடை மெற்றில்டா அன்ரியுடையது. அவர் முன்பு வங்கியில் காசாளராக இருந்தவர். வாழ்க்கையில் ஒரு கேமும் விளையாடியதில்லை. சேர்ந்த முதல் நாளே நான் அதைக் கேட்டுவிட்டேன்.

"கேம் விக்கிறதுக்கு விளையாடத் தெரியவேணுமோ?" என்றார். "முன்கடையில மீன் விக்கிறவர் நீந்திக் காட்டினவரோ?"

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. விலையை வாயால் சொல்லமாட்டார். ஒவ்வொரு பெட்டியிலும் வலது கீழ் மூலையில் வெள்ளை ஸ்ரிக்கர். அதில் நீல மையில், வங்கியில் பழகிய வட்டமான எழுத்தில் விலை. யாராவது "எவ்வளவு?" என்று கேட்டால் பெட்டியைத் திருப்பி அவர்கள் முகத்துக்கு நேரே பிடித்து, "வாசியுங்கோ" என்பார். வாயால் சொன்னால் பேரம் தொடங்கும், எழுதியிருந்தால் விலை என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருடைய எண்ணம். பதினொரு வருடத்தில் அவர் ஒரு எண்ணை உச்சரித்து நான் கேட்டது மிகச் சில தடவைதான்.

நான் சேர்ந்த காலத்தில் விலையை வாசித்தவர்கள், "இந்தக் காசுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கலாமே தம்பி" என்பார்கள். சில வருடங்களில் சப்பாத்துப் பேச்சு போய்விட்டது. அதற்குப் பதிலாகப் போனை எடுத்துக் கவுண்டரில் வைக்கத் தொடங்கினார்கள், சாட்சிக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிற மாதிரி. "உதில சும்மா கிடக்குது." இல்லாவிட்டால், "உதில ரெண்டு டொலர்." இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. சப்பாத்தோடு ஒப்பிட்டபோது கேம் ஒரு விலை கூடிய சாமான். போனோடு ஒப்பிட்டபோது அது சாமானே இல்லை. பெட்டியைத் திறந்து காட்டினால் இன்னும் மோசம். உள்ளே பெருவிரல் நகத்தளவு ஒரு அட்டை இருக்கும், மிச்சம் எல்லாம் காற்று.

வேலை பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அட்டையின் செப்புப் பற்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒரே திசையில் துடைக்கவேண்டும். கருவியின் தோள்பட்டைப் பட்டன்களை ஐம்பது தடவை அமத்திப் பார்க்கவேண்டும். கட்டைவிரல் குச்சியை விட்டுவிட்டு, படத்தில் ஆள் தானாக நடக்கிறானா என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். இவற்றை ஒரு மாதத்தில் பழகிவிட்டேன். பிழைகளிலிருந்து பழகியவை வேறு. இரண்டு பிழைகளைச் சொல்லவேண்டும்.

முதலாவது. கூரை வேலை செய்யும் ஒருவர் மகனுக்குக் கார் ஓட்டும் கேம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது போனில இருக்கோ?" என்று கேட்டார். நான் நேர்மையாக, "ஓம் அங்கிள், இதே மாதிரி ஒண்டு சும்மாவே இருக்கு" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெற்றில்டா அன்ரி பின்னறையிலிருந்து வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீ அதை விளையாடிப் பாத்தனியோ?"

"இல்லை அன்ரி."

"அப்ப நீ சொன்னது கேள்விப்பட்ட கதை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் அதை விளையாடு. பிறகு வந்து சொல்லு."

சாண்ட்விச்சை ஒரு கையிலும் போனை மறுகையிலும் பிடித்துக்கொண்டு விளையாடினேன். முதல் பத்து நிமிடம் நல்லாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் ஒரு விளம்பரம். அதற்குப் பிறகு, பெற்றோல் முடிந்துவிட்டது, நாலு மணித்தியாலம் பொறு, பொறுக்க ஏலாதென்றால் காசு கட்டு என்றது. அன்ரியிடம் சொன்னேன்.

"அப்ப அதையும் சேத்துச் சொல்லு. நல்லாயிருந்தா நல்லாயிருக்கு எண்டும் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து அதுவே என் வேலைமுறை. யாரும் போனைக் காட்டிச் சொல்லும் கேமை நான் விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். போனில் உண்மையாகவே நல்ல கேம்கள் இருக்கின்றன. ஒன்றை இப்போதும் பஸ்ஸில் விளையாடுகிறேன். "இதுக்கு உங்கட போனே போதும், இதை வாங்காதேங்கோ" என்று நான் திருப்பி அனுப்பிய ஆட்கள், பிறகு வேறு எதையாவது வாங்க என்னிடமே வந்தார்கள்.

இரண்டாவது பிழை. ஒரு தகப்பன் கொண்டுவந்த பழைய கேமைச் சோதித்து, உள்ளே சேமித்திருந்ததை அழித்து, அலுமாரியில் வைத்தேன். பின்னேரமே விற்றுப்போனது. மறுநாள் மகள் வந்தாள். அவளிடம் கேட்காமல் விற்றிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அழவில்லை, அலுமாரியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றே மெற்றில்டா அன்ரி ஒரு மட்டையில் எழுதிக் கவுண்டரில் ஒட்டினார். பிள்ளையின் கேமை வாங்குவதானால் பிள்ளை முன்னால் நின்று ஓம் சொல்லவேண்டும். சேமித்து வைத்த ஆட்டத்தைச் சொந்தக்காரர் பார்க்காமல் அழிக்கக்கூடாது.

இனி ஸ்ரிக்கர். பரிசுக்கென்று யாராவது வாங்கினால் விலை ஸ்ரிக்கரை உரித்துவிட்டுத்தான் சுற்றிக் கொடுப்போம். அதுவும் அன்ரியின் சட்டம். விலை தெரிந்தால் அது பரிசில்லை, பில் என்பார். உரிப்பது என் பொறுப்பு. தலைமயிர் காயவைக்கும் மெசினைப் பத்து எண்ணும்வரை பிடிப்பேன். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, மேலே இழுக்காமல் பெட்டியோடு படுக்கவைத்துப் பின்னோக்கி இழுப்பேன். மிச்சப் பசையை ஸ்பிரிட்டால் துடைப்பேன். கடைசியில் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து, பேனா அழுத்திய தடம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தடம் தெரிந்தால் பெட்டியின் பிளாஸ்ரிக் உறையையே மாற்றிவிடுவேன். நான் உரித்த பெட்டியில் துப்பறிகிறவன் வந்தாலும் விலை கண்டுபிடிக்கமாட்டான்.

அருளப்பு அண்ணை வந்தது ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை. பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்பவர், தனி ஆள். கையில் கொப்பித்தாள் ஒன்று, அதில் ஒரு பிள்ளை பென்சிலால் எழுதிய கேமின் பெயர்.

"என்ர ஞானப்பிள்ளைக்குக் கோயில்ல முதல்நன்மை, தம்பி, முதன்முதல் நற்கருணை எடுக்கிறாள். ஞானஸ்நானத்தில தூக்கிப் பிடிச்ச ஞானத்தகப்பன் நான்தான். என்ன வேணும் எண்டு கேட்டன், இதை எழுதித் தந்தவள். நரி ரெண்டு நிக்கிற படமாம்."

எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் அதை நரிக் கேம் என்றுதான் சொல்லுவோம். இரண்டு நரிகளை ஒரு கயிற்றால் கட்டியிருக்கும். ஒன்று பிடித்துக்கொள்ள மற்றது ஏறவேண்டும், பிறகு அது பிடிக்க இது ஏறவேண்டும். அப்படியே ஒரு மலை. தனியாளாக விளையாட முடியாது.

மெற்றில்டா அன்ரி பெட்டியைத் திருப்பிப் பிடித்தார். "வாசியுங்கோ."

எண்பது டொலர். வரி வேறு. அருளப்பு அண்ணை வாசித்தார். போனை எடுக்கவில்லை, சப்பாத்தைப் பற்றியும் பேசவில்லை. "முதல்நன்மை ஒருக்காத்தானே" என்று மட்டும் சொன்னார்.

நான் ஸ்ரிக்கரை உரித்தேன். அந்த வருடம் முழுவதும் அவ்வளவு சுத்தமாக ஒன்றை உரித்ததாக ஞாபகம் இல்லை. வெள்ளித் தாளில் சுற்றி, நாடாவும் கட்டிக் கொடுத்தேன்.

கோடை தொடங்கியபின் அவர் திரும்பி வந்தார். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"தம்பி, கேக்கிறன் எண்டு கோவிக்காத. நீ எனக்குத் தந்தது உண்மையான கேமோ?"

"என்ன அண்ணை இப்பிடிக் கேக்கிறியள்?"

கதையை மெல்ல மெல்லச் சொன்னார். ஞானப்பிள்ளையின் பெயர் அனிற்றா, எட்டு வயது, இவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். தகப்பன் சேவியரும் இவரும் ஒன்றாக இந்த நாட்டுக்கு வந்து ஒரே பேஸ்மென்றில் இருந்தவர்கள். தாய் றெஜினா. வருடக்கணக்காகச் சனிக்கிழமை மத்தியானம் இவருக்கு அங்கேதான் சாப்பாடு. முதல்நன்மை விருந்து முடிந்து பரிசுகளைப் பிரித்தபோது ஒரு விருந்தாளி போனை எடுத்து, இந்த நரி இதில் சும்மா கிடக்கிறதே என்று காட்டியிருக்கிறார். உண்மையில் அது வேறு நரி, வேறு கேம். ஆனால் படம் கிட்டத்தட்ட அதே மாதிரி. ஞானத்தகப்பன், போனில் சும்மா கிடக்கிறதைப் பெட்டியில் போட்டுத் தந்துவிட்டார் என்று றெஜினா சொன்னதாக இவர் காதுக்கு வந்தது.

"அதை நான் பெரிசாய் எடுக்கேல்லை. பிறகு நான் அப்பார்ட்மென்ற் வாங்கிக் குடிபுகுந்தன், சேவியர் குடும்பத்தையும் கூப்பிட்டன். வந்தவை. பத்து நிமிசம் இருந்தவை. ஒரு பார்சல் தந்தவை. பிரிச்சுப் பாத்தா பிளாஸ்ரிக் தண்ணிப் போத்தல்." சற்றுப் பொறுத்துச் சொன்னார், "அதில ஸ்ரிக்கரும் கிடந்தது. ரெண்டு டொலர்."

எங்கள் ஆட்கள் இதை வாசித்தால் விளக்கம் தேவையில்லை. பரிசில் விலை ஸ்ரிக்கரை மறந்து விடுகிற பெண் எங்களுக்குள் இல்லை. விட்டிருந்தால் வேண்டுமென்றேதான் விட்டது.

"போத்தல் நல்ல போத்தல்தான். வேலைக்குக் கொண்டுபோறன்" என்றார் அருளப்பு அண்ணை. "சனிக்கிழமையில இப்ப அங்க போறேல்லை. பிள்ளையைத்தான் பாக்க ஏலாமல் கிடக்கு."

நரிக் கேமில் இருந்த எண்பது டொலர் ஸ்ரிக்கரைச் சுவடே இல்லாமல் அழித்தவன் நான்.

"அண்ணை, பில் அடிச்சுத் தாறன். காட்டுங்கோ."

"பரிசு குடுத்திட்டுப் பில்லைக் காட்டச் சொல்லுறியோ? அதைவிட நான் போத்தலோடயே இருக்கிறன்."

அவர் போனபிறகு மெற்றில்டா அன்ரியிடம், நானே றெஜினா அக்காவுக்குப் போன் எடுத்து விலையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். படித்தவன் அல்லவா, எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினால் தீரும் என்று நம்பினேன்.

"நீ சொன்னா, அருளப்பு சொல்லச் சொல்லித்தான் சொன்னது எண்டு நினைப்பா. அதோட அந்த வீட்டுக் கதவு அவருக்குப் பூட்டு" என்றார். ஸ்ரிக்கர் கட்டைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் சுருட்டிக்கொண்டு இருந்தார். "ஆரும் சொல்லக்கூடாது. அவ வாசிக்கவேணும்."

றெஜினா அக்கா சனிக்கிழமைகளில் எங்கள் பிளாசாவின் முன்கடையில்தான் மீன் வாங்குவார் என்று அருளப்பு அண்ணையின் கதையிலேயே வந்திருந்தது. மீன்கடைக் கதவில் அன்ரி ஒரு நோட்டீஸ் ஒட்டினார். நரிக் கேமின் படம். கீழே தமிழில், நீல மையில்: இந்தக் கேம் பழையது இருந்தால் கொண்டு வாருங்கள், நாற்பது டொலர் தருவோம். அந்த நேரம் அந்தக் கேமுக்குத் தட்டுப்பாடு. நாற்பதுக்கு ஒன்று இரண்டை வாங்கினால் கடைக்கு நட்டமில்லை. ஆகவே அது பொய் நோட்டீஸ் அல்ல.

"விக்கிறதுக்கெண்டே கொண்டு வந்தா?" என்று கேட்டேன்.

அன்ரி கவுண்டரில் ஒட்டியிருந்த மட்டையை விரலால் தட்டினார். பிள்ளை ஓம் சொல்லாமல் வாங்கமாட்டோம்.

முதல் கிழமை நாலு பேர் வந்தார்கள். இரண்டாம் கிழமை ஐந்து பேர். அதில் ஒருவர் றிச்மண்ட் ஹில்லிலிருந்து காரோட்டிக்கொண்டு வந்தார். கோயிலில் யாரோ சொன்னார்களாம். எழுதி ஒட்டிய விலையை அன்ரி மாற்றுகிற ஆள் இல்லை. ஸ்காபரோவில் நரி வைத்திருந்த எல்லோரும் வந்தார்கள், ஒரு ஆளைத் தவிர. ஒன்பதாவது கேமை நான்தான் அலுமாரியில் அடுக்கினேன். அன்ரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன், ஒரு கையில் மீன் பையும் மறுகையில் பிள்ளையுமாக ஒரு பெண் உள்ளே வந்தார். பிள்ளையின் கையில் அந்தப் பெட்டி. நான் சுத்தமாக உரித்த மூலை வெளிச்சத்தில் மினுங்கியது.

"தம்பி, நோட்டீஸ் பாத்தனான். உண்மையிலேயே நாற்பதோ?"

"ஓம் அக்கா."

"அப்ப முதலே சொல்லிப்போட்டன். உது பழுது. பிறகு என்னைத் தேடி வரக்கூடாது."

"என்ன பழுது?"

"ரெண்டு நரி. ஒண்டு ஓடித்திரியுது. மற்றது நிண்ட இடத்தில நிக்குது. மூண்டு மாசமாய் நான் சமைக்கேக்கை பாக்கிறன், அது வாலைக்கூட ஆட்டேல்லை."

இந்த வேலையில் நான் பார்த்த ஆட்களில், தன் சாமானின் பழுதைத் தானே முதலில் சொன்னவர் இவர் ஒருவர்தான். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அட்டையை எடுத்தேன். ஸ்பிரிட், பஞ்சுக்குச்சி, ஒரே திசை. சோதனைக் கருவியில் போட்டேன். சேமித்த ஆட்டம் அட்டையிலேயே இருந்தது, அதைத் திறந்தேன். மலையின் அடியில் இரண்டு நரிகள். ஒவ்வொரு நரிக்கும் மேலே விளையாடுகிறவர்கள் வைத்த பெயர் தெரியும். ஒன்றுக்கு மேலே ஆங்கில எழுத்தில் அனிற்றா என்று இருந்தது. மற்றதுக்கு மேலே மாமா என்று இருந்தது.

எங்கள் கருவியின் இரண்டு பக்கப் பிடிகளும் கழலும், ஆளுக்கொன்று பிடித்து விளையாடலாம். ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மற்றதை நான் எடுத்தேன்.

"அதைத் தொடாதேங்கோ அண்ணா," என்றாள் அனிற்றா. "தட் வன் இஸ் மாமாஸ்."

கையை எடுத்துவிட்டேன். சேமித்ததை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒரு ஆட்டம் தொடங்கினேன். பட்டனை அமத்தினேன். இரண்டாவது நரி எழும்பி, உடம்பை உதறி, நாலடி ஓடியது.

"உங்கட மெசினில வேலை செய்யுது," என்றார் றெஜினா அக்கா.

"உங்கட வீட்டிலயும் செய்யும் அக்கா. அதுக்கு இன்னொரு ஆள் வேணும். ஒருத்தர் கயிறு பிடிச்சாத்தான் மற்றவர் ஏறலாம்."

"அப்ப அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாமே. நான் இருக்கிறன்," என்று மகளைப் பார்த்தார்.

"ஐ டோல்ட் யூ அம்மா. மாமா வந்தாப்பிறகுதான். அது மாமான்ர நரி." பிள்ளை இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

நான் மட்டையைக் காட்டி, "அனிற்றா, இதை விக்க உமக்கு விருப்பமோ?" என்று கேட்டேன்.

"நோ."

"அப்ப எங்களுக்கு வாங்க ஏலாது அக்கா."

றெஜினா அக்கா அதற்குள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "பழசுக்கே நாற்பதோ?" என்றார். "அப்ப புதுசு?"

நான் வாயைத் திறந்தேன். பின்னறையிலிருந்து வந்த மெற்றில்டா அன்ரி என் முழங்கையில் ஒரு இடி இடித்துவிட்டு, அலுமாரியிலிருந்து உறை பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பிடித்தார்.

"வாசியுங்கோ."

வாசித்தார். பெட்டியைக் கையில் வாங்கிப் பின்பக்கம் பார்த்தார். திரும்பவும் முன்பக்கம் வாசித்தார்.

"வரி இதுக்குள்ளயோ?"

"வெளியில."

"அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் மெதுவாக. "நான் போத்தலெல்லோ குடுத்தனான்."

அவரை அப்படி நிற்கவிட எனக்கு மனம் வரவில்லை. "நல்ல போத்தலாம் அக்கா, வேலைக்குக் கொண்டுபோறவராம்," என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

றெஜினா அக்கா என்னைப் பார்த்தார். மெற்றில்டா அன்ரியைப் பார்த்தார். பிறகு அலுமாரியில் வரிசையாக நின்ற ஒன்பது பழைய நரிக் கேமையும் பார்த்தார்.

"அப்ப அந்த நோட்டீஸ்..."

"நீ கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் பிள்ளை," என்றார் அன்ரி. "ஒன்பது வாங்கிட்டம்."

முதலில் சிரித்தது அனிற்றா. எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. பிறகு தாய் சிரித்தார், மீன் பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். பதினொரு வருடத்தில் எத்தனையோ பேர் அந்தக் கவுண்டரில் போனை எடுத்து எங்கள் கேம் வீண் என்று காட்டியிருக்கிறார்கள். இவர் காட்டவில்லை, இலக்கத்தை அமத்திக் காதில் வைத்தார்.

"அண்ணை, றெஜினா கதைக்கிறன். ... ஓம், எல்லாரும் சுகம். உங்கட நரி மூண்டு மாசமாய் மலையடியில நிக்குது. பிள்ளை ஒருத்தரையும் தொட விடுறாள் இல்லை. விளைமீன் வாங்கியிருக்கிறன், வந்து சாப்பிட்டிட்டு அதை ஏத்திவிடுங்கோ. ... இண்டைக்குத்தான். ... ஒண்டும் கொண்டு வரவேண்டாம். அந்தப் போத்தலை மட்டும் கொண்டு வாங்கோ, நான் அதைத் தூக்கி எறியவேணும்."

அருளப்பு அண்ணை போத்தலைக் கொண்டுபோகவில்லை என்று பிறகு தெரிந்தது. இன்னும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறார். ஸ்ரிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை, அவருக்கு அது பகிடி. அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் என் போனுக்கு அழைப்பு வரும். "தம்பி, பனிக்கட்டி இருக்கிற இடத்தில வழுக்குது, என்ன செய்யிறது?" பின்னால் அனிற்றாவின் குரல் கேட்கும், "மாமா, ஹோல்ட் த றோப், ஹோல்ட் த றோப்."

எங்கள் கடையில் அதற்குப் பிறகு ஒரு சட்டம் மாறியது. பரிசுக்கு என்று சொன்னதும் உரித்துவிடமாட்டேன். "ஸ்ரிக்கர் கிடக்கட்டுமோ, உரிக்கவோ?" என்று கேட்பேன். யார் வீட்டுக்கு, அந்த வீட்டில் யாராவது கேம் விளையாடுவார்களா என்றும் விசாரிப்பேன். விளையாடாத வீடு என்றால், பெட்டிக்குள் ஒரு சின்னத் துண்டு வைப்பேன்: இது இரண்டு பேர் விளையாடுவது, இன்னார் உங்களோடு விளையாட வருவார். பேரை வாங்குகிறவரிடம் கேட்டு எழுதுவேன். சிலர் யோசித்துவிட்டு, அப்படியென்றால் வேண்டாம், சட்டை வாங்கிக் கொடுக்கிறேன் என்று போயிருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

ஆகவே மெலனி, கஜன், உங்கள் கேள்விக்கு மறுமொழி இதுதான். நான் எண்பது டொலர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. விலையை வடிவான எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், வாசிக்க விடுங்கள், அந்த நேரம் நிலத்தைப் பார்க்காமல் ஆளின் முகத்தைப் பாருங்கள். போனில் இருப்பதை முதலில் நீங்களே விளையாடிப் பாருங்கள். தலைமயிர் காயவைக்கும் மெசின் என்னிடம்தான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்பது நரிகளில் எட்டை விற்றோம், அதற்கே வருடக்கணக்கானது. கடை மூடிய நாள் பின்னேரம் அலுமாரிகள் எல்லாம் வெறுமை. ஒன்பதாவது மட்டும் கவுண்டரில் கிடந்தது, சோதனைக் கருவியும் மின்சாரமும் இன்னும் இருந்தன. மெற்றில்டா அன்ரி கோட்டைப் போட்டுக் கழுத்துவரை தெறிகளைப் பூட்டியபின், என்ன நினைத்தாரோ, கவிழ்த்து வைத்த ஒரு பால் பெட்டியில் வந்து இருந்தார்.

"அதைப் போடு பாப்பம்."

அட்டையைத் துடைத்துப் போட்டேன். பக்கப் பிடியைக் கழற்றிக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, சில்லறை எண்ணுகிற கவனத்தோடு அதைப் பார்த்தார்.

"என்ர நரி எது?"

"வலப்பக்கம் நிக்கிறது."

கொஞ்ச நேரம் அமத்தினார். என்னுடையது மலையடிக்கு ஓடிப்போய்க் கயிறு இழுபட்டு நின்றது. அவருடையது அசையவில்லை.

"உது பழுது," என்றார்.

"பழுதில்லை அன்ரி. மற்றப் பட்டனை அமத்துங்கோ."